கண்ணாடி டம்ளர்

எங்கள் அணைக்குப் பெயர் கிடையாது.
பட்டாவில் அது புஞ்சை, நாலு ஏக்கர் பதினெட்டு சென்ட்.
தண்ணீருக்கு அடியில் கிடக்கும் மண்ணுக்கும்
வருசம் தவறாமல் கந்தாயம் கட்டுகிறோம்.
ஈரோட்டு ஆபீசில் கேட்டதற்கு
"உங்க சொந்தக் கரைங்க, நீங்கதான் பாத்துக்கோணும்" என்றார்,
டீயை ஆற்றிக்கொண்டே.

பார்த்துக்கொள்வது என்றால் இதுதான்.
கரையின் காலடியில், கோரை முளைத்த இடத்தில்
விரல் தடிமனுக்கு ஒரு கசிவு.
ராத்திரி ஏனம் கழுவி வைத்தபின்
கண்ணாடி டம்ளரில் அதைப் பிடித்து
டார்ச் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பேன்.
பெருந்துறைக் கல்லூரியிலிருந்து வந்த பெண் சொல்லிப்போனாள்:
"கசியாத மண்கரை கிடையாதுங்க்கா.
எவ்வளவு வருதுன்னு பாக்காதீங்க.
எதைக் கொண்டு வருதுன்னு பாருங்க."

மேலே ஒரு வேம்பு நிற்கிறது, கரைக்கு நடுவில்.
விட்டால் காற்றில் சாய்ந்து கரையைப் பெயர்க்கும்.
வெட்டினால் வேர் மக்கி, வேர் இருந்த இடமெல்லாம் குழாய்.
மூன்று வருசமாக அதைச் சுற்றி நடக்கிறேன்.
பெருச்சாளி வளைக்குக் களிமண் திணிக்கிறேன்.
அடுத்த வாரம் அது பக்கத்தில் இன்னொன்று தோண்டுகிறது,
அதற்கும் பாதி பாத்தியதை இருப்பதுபோல.

மீதிப் பாதி பொங்கியண்ணனுக்கு,
என் வீட்டுக்காரரின் அண்ணன்.
கரைக்குக் கீழே எண்ணூறு அடியில்
அவர் தறிக்கூடமும் ஒன்பது லைன் வீடுகளும்.
பள்ளம் காய்ந்து கிடந்தபோது கட்டினார்.
"கலிங்கை ரெண்டடி இறக்கிடலாங்களா" என்றால்
"ரெண்டடித் தண்ணி உங்கப்பன் வீட்டுதா" என்பார்.

ஐப்பசியில் சென்னிமலை தெரியாமல் மழை பிடித்த நாள்
டம்ளர் சுக்குக்காப்பி நிறத்தில் இருந்தது.

போன் அடித்தேன்.
"விடியட்டும் துளசிமணி."

கீழே ஓடினேன். கத்தினேன்.
முப்பத்திரண்டு தறி ஓடுகிற இடத்தில்
வெள்ளம் வந்து கதவைத் தட்டினாலும் கேட்காது.
மீட்டர் பெட்டியைத் திறந்து
ஃபீஸைப் பிடுங்கினேன்.

சத்தத்தில் தூங்கிப் பழகியவர்கள்
அமைதியில் அலறி எழுந்தார்கள்.
குழந்தைகள் முதலில் அழுதன.

அவர்கள் ஒடியா எனக்குத் தெரியாது.
டம்ளரைக் காட்டினேன்.
சுக்தேவ் அதை முகர்ந்தான், கரையைப் பார்த்தான்,
பெண்களையும் பிள்ளைகளையும் மேட்டுக்குத் துரத்தினான்.
அவன் ஊரில் இதைவிடப் பெரிய ஆறு இருக்கவேண்டும்.

நூல்சாக்கில் ஆற்றுமணல், மேலே ஜல்லி.
அடைக்கக்கூடாது, அதுதான் சொல்லிப் புரியவைக்க முடியாதது.
தண்ணீர் போகட்டும், மண் மட்டும் நிற்கட்டும்.
கையால் சல்லடை ஆட்டிக் காட்டினேன்.
ஒருத்தி மேட்டிலிருந்தே தலையாட்டி
மற்றவர்களுக்குக் கத்திச் சொன்னாள்.
மதகுத் திருகு துருவேறி அசையாமல்,
தறியின் இரும்பு உருளையைச் செருகி நாலு பேர் தொங்கினார்கள்.
திறந்தது.

விடிந்தபோது சேறும், துள்ளுகிற கெண்டையும்.
பொங்கியண்ணன் புல்லட்டை நிறுத்தி, இறங்காமலே கேட்டார்:
"தறி நின்ன நஷ்டத்துக்கு ஆரு பொறுப்பு?
இத்தனை தண்ணியும் போச்சே.
ஒண்ணும் ஆகலையே?"

ஆமாம். ஒன்றும் ஆகவில்லை.
அதற்கு எங்கும் ரசீது கிடையாது.

டம்ளரை அப்படியே ஜன்னலில் வைத்தேன்.
மத்தியானம் தெளிந்துவிட்டது.
அடியில் நகக்கண் உயரம் மண்,
ஒரு ஸ்பூன்கூட இருக்காது.
எங்கள் அணையில் கொஞ்சம்.

கலிங்கு இறக்கும் தாளில் என் கையெழுத்து இருக்கிறது,
அவருடைய இடம் வெறுமை.
கார்த்திகை பிறந்து தண்ணீர் மறுபடி ஏறுகிறது.
இன்றைக்கு வேறு டம்ளர் எடுத்துப் போகிறேன்.
சுக்தேவின் மகள் டார்ச் பிடிக்கிறாள், கொஞ்சம் ஆட்டிக்கொண்டு.
"ஆட்டாதே" என்கிறேன்.
அது மட்டும் அவளுக்குப் புரிகிறது.